ஜாஸ் இசையின் 'கிங்'... கடைசியில் பில்லியர்ட்ஸ் கூடத் துப்புரவாளர்: யார் இந்த ஜோ ஆலிவர்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள சவானா நகரம். 1930-களின் பிற்பகுதி. அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை தினமும் காலை 9 மணிக்குத் திறந்து, நள்ளிரவு 12 மணிக்குப் பூட்டுவது ஒரு வயதான மனிதரின் வேலை. இடையில் தரை பெருக்குவார், மேஜை துடைப்பார். வாயில் பல் இல்லை. இரத்த அழுத்தம் இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் தொடர்ந்து போகப் பணம் இல்லை. நியூயார்க்கில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு சின்ன உண்டியலில் சில்லறை சேர்க்கிறார். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன கணக்குப்படி, அதில் இருந்தது 1 டாலர் 60 சென்ட்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு சிகாகோவில் இவர் கார்னெட் வாசிப்பதைக் கேட்க ஊரே வரிசை கட்டியது. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற பெயரை உலகம் அறிவதற்கு முன்பே, அந்தப் பையனின் திறமையைக் கண்டுபிடித்து மேடையேற்றியவர் இவர்தான். பெயர் ஜோசப் ஆலிவர். ரசிகர்கள் வைத்த பெயர் 'கிங்' ஆலிவர்.

இவ்வளவு பெரிய ஆள் எப்படி இந்த நிலைக்கு வந்தார்? அவருடைய இசையில் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கிறது? கதை ஆரம்பிப்பது நியூ ஆர்லியன்ஸில்.

ஊர்வலத்தில் தொடங்கிய வாழ்க்கை

லூசியானா மாநிலத்தின் டொனால்ட்சன்வில் பக்கத்தில், 1880-களில் பிறந்தவர் ஆலிவர். சின்ன வயதிலேயே நியூ ஆர்லியன்ஸுக்கு வந்துவிட்டார். கல்யாணம், சாவு, பண்டிகை என எதற்கும் பிராஸ் பேண்ட் வாசிக்கும் ஊர் அது. ஆலிவர் கையில் எடுத்தது கார்னெட். பார்க்க ட்ரம்பெட் மாதிரியே இருக்கும், கொஞ்சம் குட்டையானது.

ஒரு கண்ணில் பார்வை இல்லை. அதை மறைக்கத் தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொள்வார். முரட்டு ஆள், கறாரான ஆள், சாப்பாட்டுப் பிரியர். ரொட்டிக்கு நடுவே சர்க்கரையைக் கொட்டிச் சாப்பிடும் பழக்கம் அவருக்கு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கார்னெட்டை அழ வைப்பார், சிரிக்க வைப்பார், பேச வைப்பார். கருவியின் வாயில் கப், கிளாஸ், பக்கெட் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து மூடித் திறந்து குரலை மாற்றுவார். 'மியூட்' என்று சொல்லப்படும் இந்த வித்தையில் அவருக்கு நிகர் அன்று யாரும் இல்லை. ட்ராம்போன் கலைஞர் கிட் ஓரியின் குழுவில் வாசித்தபோதுதான் 'கிங்' பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அதே ஊரில் ஏழ்மையில் வளர்ந்த ஒரு சிறுவன், ஆலிவரின் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கடைக்குப் போய் சாமான் வாங்கித் தருவான். அதற்குக் கூலியாக ஆலிவர் அவனுக்கு கார்னெட் சொல்லிக் கொடுத்தார். தன்னுடைய பழைய கார்னெட் ஒன்றையும் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். சாகும்வரை அவர் ஆலிவரை 'பாப்பா ஜோ' என்றுதான் அழைத்தார்.

ஏன் எல்லோரும் சிகாகோ போனார்கள்?

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. நியூ ஆர்லியன்ஸின் கேளிக்கைப் பகுதியான ஸ்டோரிவில்லை மூடச் சொல்லிக் கடற்படை அழுத்தம் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் அது மூடப்பட்டது. இசைக் கலைஞர்களுக்கு ஒரு வருமான வழி அடைபட்டது.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. தென் மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களையும் கூலி கொடுமையையும் தாங்க முடியாமல் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கே நகரத் தொடங்கியிருந்தார்கள். சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1910-ல் சுமார் 44 ஆயிரம். 1920-ல் அது சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம். தொழிற்சாலைச் சம்பளம் கையில் இருக்கும் புதிய ரசிகர்கள். இசையும் அவர்கள் பின்னாலேயே ரயில் ஏறியது.

ஆலிவர் சிகாகோ போனது 1918 வாக்கில். நியூ ஆர்லியன்ஸில் கிட் ஓரி குழுவில் காலியான அவருடைய இடத்துக்கு வந்தவர் ஆம்ஸ்ட்ராங். 1921-ல் கலிபோர்னியா போய் வாசித்துவிட்டு, 1922-ல் திரும்பி வந்த ஆலிவர், சிகாகோவின் தென்பகுதியில் உள்ள லிங்கன் கார்டன்ஸ் நடன அரங்கில் தன் 'கிரியோல் ஜாஸ் பேண்ட்' குழுவுடன் நிலைகொண்டார். அங்கிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு தந்தி பறந்தது. அந்த ஆகஸ்டில் 21 வயது ஆம்ஸ்ட்ராங் சிகாகோ ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார்.

ஒரே குழுவில் இரண்டு கார்னெட் என்பது அன்று வழக்கத்தில் இல்லாத ஏற்பாடு. பாட்டின் நடுவே மற்ற எல்லோரும் சட்டென்று நிறுத்த, குருவும் சீடனும் மட்டும் இரண்டு குரலில், துளி பிசகாமல் ஒன்றாக வாசிப்பார்கள். முன்கூட்டி எழுதி வைத்த மாதிரியே இருக்காது. எப்படி இது சாத்தியம் என்று கேட்டவர்கள் குழம்பிப் போனார்கள். சூட்சுமம் என்னவென்றால், அடுத்து தான் வாசிக்கப் போவதை ஆலிவர் முன்கூட்டியே சாடையாகக் காட்டிவிடுவார். ஆம்ஸ்ட்ராங் அதைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பொருத்தமான இரண்டாம் குரலைத் தயார் செய்துவிடுவார். இதைக் கேட்கவே வெள்ளை இன இளம் கலைஞர்களும் மேடைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

மைக்கே இல்லாமல் எப்படிப் பதிவு செய்தார்கள்?

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. 1925-ல் பெரிய கம்பெனிகள் மின்சார முறைக்கு மாறும்வரை ரெக்கார்டிங்கில் மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. இதை 'அகூஸ்டிக்' காலம் என்பார்கள்.

சுவரிலிருந்து ஒரு பெரிய தகரப் புனல் நீட்டிக்கொண்டிருக்கும். கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். புனலின் குறுகிய முனையில் ஒரு மெல்லிய சவ்வு. ஒலி பட்டதும் அது அதிரும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வைக் கோடாகக் கீறும். அந்த மெழுகுத் தட்டிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதிலிருந்து கடைக்குப் போகும் ரெக்கார்டுகளை அடிப்பார்கள். அவ்வளவுதான் மொத்தத் தொழில்நுட்பமும்.

இதில் சிக்கல்கள் நிறைய. ஒரு 10 அங்குல ரெக்கார்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம்தான் அடங்கும். நடன அரங்கில் கால் மணி நேரம் நீளும் பாட்டாக இருந்தாலும் இங்கே 3 நிமிடம்தான். நடுவில் ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். மிகத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் சரியாகப் பதியாது. பெரிய ட்ரம்மை ஓங்கி அடித்தால் ஊசியே துள்ளிவிடும்.

யாருடைய சத்தத்தையும் தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே வழி, சத்தமாக வாசிப்பவரைப் புனலிலிருந்து தள்ளி நிறுத்துவதுதான்.

நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளை இனக் குழு, 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்ததுதான் முதல் ஜாஸ் ரெக்கார்டு. இந்த இசையை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவு உடனே திறக்கவில்லை. 1920-ல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' பெரிய அளவில் விற்ற பிறகுதான், கறுப்பின மக்களும் ரெக்கார்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் முதலில் பதிவாகி ஆறு வருடம் கழித்துத்தான் ஆலிவரின் முறை வந்தது.

ரிச்மண்டில் இரண்டு நாள்

1923 ஏப்ரல் 5. சிகாகோவிலிருந்து சுமார் 400 கி.மீ. தள்ளி, இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊருக்கு ஆலிவரின் குழு போய்ச் சேர்ந்தது. ஸ்டார் பியானோ கம்பெனி அங்கே 'ஜெனெட்' என்ற பெயரில் ரெக்கார்டு வெளியிட்டு வந்தது. பியானோ தொழிற்சாலை வளாகத்திலேயே ஸ்டூடியோ. பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஊர்ச் சூழலும் லேசானது இல்லை. கறுப்பினத்தவரைத் தாக்கிவந்த கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பு அப்போது இண்டியானாவில் கொடிகட்டிப் பறந்தது. காசு கொடுத்தவர்களுக்காக க்ளான் பிரசாரப் பாடல் ரெக்கார்டுகளையும் அடித்துக் கொடுத்தது இதே ஜெனெட்தான்.

குழுவில் ஏழு பேர். கார்னெட்டில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும், ட்ராம்போனில் ஹானரே டுட்ரே, கிளாரினெட்டில் ஜானி டாட்ஸ், ட்ரம்ஸில் அவர் தம்பி பேபி டாட்ஸ், பியானோவில் லில் ஹார்டின். பில் ஜான்சன் வழக்கமாக டபுள் பாஸ் வாசிப்பவர். அதன் தாழ்ந்த ஒலி புனலில் ஏறாது என்பதால் இங்கே பாஞ்சோ எடுத்தார். பேபி டாட்ஸின் பெரிய ட்ரம்முக்கும் தடை. மரக்கட்டைகளில் தட்டித் தாளம் போட்டார்.

முதலில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் வழக்கம்போல் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். வாசித்துப் பார்த்தபோது ஆலிவர் இருப்பதே கேட்கவில்லை. சீடனின் ஊதல் அவரை மூழ்கடித்தது. எனவே ஆம்ஸ்ட்ராங்கை மட்டும் பல அடி பின்னால், அறையின் மூலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் முகம் வாடிப்போய்த் தனியாக நின்றதை லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிற்பாடு ஆம்ஸ்ட்ராங்கைத் திருமணம் செய்துகொண்டவர் இவர். இவ்வளவு தூரம் தள்ளினால்தான் சமன் ஆகிறது என்றால் யார் பெரிய ஆள் என்பது அன்றே தனக்குப் புரிந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். வெளியில் யாரும் வாய் திறந்து சொல்லாததை அந்தப் புனல் சொல்லிவிட்டது.

இரண்டு நாளில் வெளியீட்டுக்குத் தகுந்த ஒன்பது பாட்டுகள் பதிவாயின. 'சைம்ஸ் ப்ளூஸ்' பாட்டில்தான் ஆம்ஸ்ட்ராங்கின் முதல் தனி வாசிப்பு ரெக்கார்டில் ஏறியது. 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' பாட்டிலோ ஆலிவரே ராஜா. மியூட் வைத்து மூன்று சுற்று தனியாக வாசிக்கிறார். பெரிய வேக வித்தை எதுவும் கிடையாது. சில ஸ்வரங்களைத் திரும்பத் திரும்ப வளைத்து, நெளித்து, ஒரு மனிதக் குரல் கெஞ்சுவது போலக் கொண்டுபோகிறார். அந்த ரெக்கார்டில் நடுவே ஒருவர் கத்துவது கேட்கும். பேபி டாட்ஸ் தான் வாசிக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதால், வெற்றிடத்தை நிரப்ப பில் ஜான்சன் போட்ட சத்தம் அது. அழித்துத் திருத்த வழியில்லாத காலத்தில் அப்படியே தங்கிவிட்டது.

பாட்டின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. 'டிப்பர்மவுத்' என்றால் அகப்பை வாய். அது ஆம்ஸ்ட்ராங்கின் பட்டப்பெயர். குருவின் மிகப் புகழ்பெற்ற வாசிப்பு, சீடனின் பெயரில் இருக்கிறது.

அந்த ஆண்டுக்குள் ஓகே, கொலம்பியா, பாரமவுண்ட் கம்பெனிகளுக்கும் சேர்த்து இந்தக் குழு முப்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தது. ஒரு கறுப்பின நியூ ஆர்லியன்ஸ் குழு எப்படி ஒட்டுமொத்தமாகப் பின்னிப் பின்னி வாசித்தது என்பதற்கு இவ்வளவு விரிவான முதல் சான்று இவைதான்.

குழு உடைந்த கதை

ரெக்கார்டில் வந்த பணத்தை ஆலிவர் சரியாகப் பிரித்துக் கொடுக்கவில்லை என்ற சந்தேகம் குழுவுக்குள் கிளம்பியது. 1924 தொடக்கத்தில் டாட்ஸ் சகோதரர்களும் டுட்ரேயும் கிளம்பிவிட்டார்கள். லில்லுக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் அந்த பிப்ரவரியில் திருமணம் நடந்தது. ஆம்ஸ்ட்ராங் தன்னைவிடப் பெரிய கலைஞன், ஆனால் தன் பக்கத்தில் இருக்கும்வரை தன்னை மிஞ்ச முடியாது என்று ஆலிவரே தன்னிடம் சொன்னதாக லில் பிற்காலத்தில் கூறினார். கணவனை இரண்டாம் இடத்திலிருந்து வெளியே இழுத்தவரும் அவர்தான். அந்த ஆண்டின் நடுவில் ஆம்ஸ்ட்ராங் விலகினார். குருவை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை.

நியூயார்க் போன ஆம்ஸ்ட்ராங், 1925-ல் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவுடன் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' பாட்டை 'ஷுகர் ஃபுட் ஸ்டாம்ப்' என்ற பெயரில் மறுபடி பதிவு செய்தார். அதில் அவர் வாசித்தது ஆலிவரின் அதே மூன்று சுற்று. அதன்பின் இந்தப் பாட்டை எடுத்த ட்ரம்பெட் கலைஞர்கள் பலர் அந்தச் சுற்றுகளை மாற்றத் துணியவில்லை. ஆலிவரின் மூச்சு எப்படிப் போனதோ அப்படியே வாசித்தார்கள்.

வேண்டாம் என்று சொன்ன ஒரு வாய்ப்பு

ஆலிவர் உடனே விழுந்துவிடவில்லை. 'டிக்ஸி சின்கோபேட்டர்ஸ்' என்ற புதிய, பெரிய குழுவுடன் சிகாகோவின் பிளான்டேஷன் கஃபேயில் வாசித்தார். ரெக்கார்டுகளும் விற்றன. 1927-ல் அந்த இடம் தீப்பிடித்து எரிந்தது. குழுவோடு நியூயார்க் கிளம்பினார்.

அங்கே ஹார்லெமின் காட்டன் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. கொடுப்பதாகச் சொன்ன சம்பளம் போதாது என்று ஆலிவர் மறுத்துவிட்டார். சிகாகோவில் அவருக்கு இருந்த மதிப்பை வைத்துப் பார்த்தால் அது திமிரான முடிவு இல்லை, நியாயமான கணக்குதான். ஆனால் அந்த இடத்துக்கு டிசம்பரில் வந்தவர் பெயர் ட்யூக் எலிங்டன். கிளப்பிலிருந்து ரேடியோ ஒலிபரப்பு போக, எலிங்டனின் பெயர் நாடு முழுக்கப் பரவியது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எலிங்டன் குழுவுக்குத் தனி அடையாளம் தந்தது பப்பர் மைலியின் உறுமும் ட்ரம்பெட். அந்த மியூட் பாணிக்கு மைலி மாறியது, சிகாகோவில் ஆலிவர் வாசித்ததைக் கேட்ட பிறகு. ஆக, காட்டன் கிளப் வழியாக ஊரெங்கும் போய்ச் சேர்ந்ததில் ஆலிவரின் ஒலியும் இருந்தது. ஆலிவர்தான் இல்லை.

1928 ஜூனில் ஆலிவர் தான் இசையமைத்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாட்டைப் பதிவு செய்தார். அதே மாதம் ஆம்ஸ்ட்ராங்கும் அதைப் பதிவு செய்தார். இன்று ஜாஸ் வரலாற்றில் பேசப்படுவது இரண்டாவதுதான்.

மைக் வந்தது, பல் போச்சு

ஈறு நோய் ஆலிவரை வாட்டத் தொடங்கியிருந்தது. உலோக வாய்முனையை உதட்டில் அழுத்தி ஊதும் ஒருவருக்குப் பல்தான் அஸ்திவாரம். அந்தச் சர்க்கரை ரொட்டியை நண்பர்கள் பின்னாளில் காரணமாகச் சொன்னார்கள்.

காலம் செய்த கேலி இங்கேதான். மின்சார மைக் வந்து, ஒரு கலைஞரின் மூச்சைக்கூடப் பிடிக்கும் அளவுக்குப் பதிவு முன்னேறியபோது, ஆலிவரால் முன்புபோல் வாசிக்க முடியவில்லை. 1929, 1930-ல் விக்டர் கம்பெனிக்காக அவர் பெயரில் வந்த பல ரெக்கார்டுகளில் முக்கியமான தனி வாசிப்பு வேறு ஆட்களுடையது. நன்றாக வாசித்த காலத்தில் தகரப் புனல்தான் இருந்தது. அதிலும், நியூ ஆர்லியன்ஸில் அவரை நேரில் கேட்டவர்கள், 1923-க்கு முன்பே அவருடைய உச்சக்காலம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தின் ஒரு நிமிடம்கூட எந்த மெழுகிலும் இல்லை.

1931-க்குப் பிறகு ரெக்கார்டு இல்லை. பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பும் கரைந்தது. தென் மாநிலங்களில் ஓட்டை பஸ்ஸில் குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பஸ் நின்றுபோகும், பணம் வராது, ஆட்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். கடைசியில் சவானாவில் தனியாக ஒதுங்கினார்.

சவானாவில் ஒரு சந்திப்பு

1937-ல் கச்சேரிக்காக அந்த ஊருக்கு வந்த ஆம்ஸ்ட்ராங், ரோட்டோரம் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தார். பாப்பா ஜோ! சட்டைப் பையில் இருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். குழுவில் இருந்த மற்ற நியூ ஆர்லியன்ஸ்காரர்களும் கொடுத்தார்கள். அன்று இரவு கச்சேரியில் மேடையின் ஓரத்தில் ஆலிவர் நின்றுகொண்டிருந்தார். பழைய கிங் ஆலிவர் மாதிரியே மிடுக்காக உடுத்தியிருந்தார். கிடைத்த பணத்தில் அடகு வைத்த நல்ல துணிகளை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இதைச் சொன்னவர் ஆம்ஸ்ட்ராங்.

1938 ஏப்ரலில் ஆலிவர் சவானாவில் இறந்தார். ரிச்மண்டில் அந்தப் புனல் முன் நின்று சரியாகப் பதினைந்து வருடம். உண்டியலில் டிக்கெட்டுக்குப் பணம் சேரவே இல்லை. வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவு செய்து, அக்காதான் தம்பியின் உடலை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். பிராங்ஸில் உள்ள உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஆம்ஸ்ட்ராங் வந்திருந்தார். கல்லறைக்குக் கல் வைக்க மட்டும் பணம் இல்லை.

1923 பதிவுகள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. முதல் தடவை கேட்டால் கரகரப்புதான் காதில் விழும். 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். புனலுக்கு அருகில் நிற்பவர் ஆலிவர். தூரத்திலிருந்து வந்தும் மங்காமல் கேட்கும் இன்னொரு கார்னெட், மூலையில் நிற்கும் அந்த 21 வயதுப் பையனுடையது.